பிழைப்பதிவை முதலில் திறந்து படியுங்கள்

வலைத்தளங்களுக்கான பிஎச்பி மொழியில் எழுதிய நிரல் ஒன்று சேவையகத்தில் பாதியிலேயே நின்றுவிட்டால், உலாவியில் பெரும்பாலும் ஒரு வெள்ளைத் திரையோ, சேவையகப் பிழையைக் குறிக்கும் 500 என்ற எண்ணோ மட்டுமே தெரியும். அதைக் கண்டதும் நிரலைத் திறந்து, சந்தேகம் எழும் இடங்களிலெல்லாம் திரையில் அச்சிடும் எக்கோ வரிகளைச் செருகிப் பார்ப்பது பலருடைய வழக்கம். நான் முதலில், பிழைகள் எழுதப்படும் பிழைப்பதிவுக் கோப்பைத் திறப்பேன். எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில், எந்த நேரத்தில் நின்றது என்பதை அதுவே சொல்லிவிடும். அங்கே ஒன்றும் இல்லையென்றால், பதிவு அமைக்கப்பட்ட விதத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

லைவ் தளத்தில் பிழையைத் திரையில் காட்டும் டிஸ்ப்ளே_எரர்ஸ் அமைப்பு அணைந்தும், பதிவில் எழுதும் லாக்_எரர்ஸ் அமைப்பு இயங்கியும் இருக்க வேண்டும். பிழைச் செய்தியைத் திரையில் காட்டினால், கோப்புகளின் முழுப் பாதையும் சில நேரங்களில் தரவுத்தள அட்டவணைகளின் பெயர்களும் வருவோர் அனைவருக்கும் தெரிந்துவிடும் என்பது பலரும் அறிந்தது. அதிகம் பேசப்படாத இன்னொரு கேடும் உண்டு: திரையில் காட்டும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், நிரல் அபாயப் பிழையால் நின்றாலும் பிஎச்பி தானாக 500 அனுப்புவதில்லை, வெற்றியைக் குறிக்கும் 200 என்றே பதில் போகும். தளத்தைக் கண்காணிக்கும் கருவி எல்லாம் நலம் என்றே நினைத்துக்கொள்ளும்.

இந்த அமைப்புகளை நிரலின் முதல் வரியிலேயே, அமைப்புகளை நிரலுக்குள்ளிருந்து மாற்றும் ஐஎன்ஐ_செட் மூலம் எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஓடும்போது எழும் பிழைகளுக்கு அது பயன்படும். ஆனால் அதே கோப்பில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டிருந்தால் கோப்பே தொகுக்கப்படாது. தொகுக்கப்படாத கோப்பின் முதல் வரி எப்படி ஓடும்? ஆகவே அவற்றை பிஎச்பியின் அமைப்புக் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் வைப்பதே முறை. கட்டளை வரியில் ஓடும் பிஎச்பியும் வலைச் சேவையகத்தின் பிஎச்பியும் வேறு வேறு ஐஎன்ஐ கோப்புகளைப் படிக்கக்கூடும் என்பதால், எந்தக் கோப்பு உண்மையில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

பதிவில் வரும் செய்தியைக் கடைசிச் சொல் வரை படிப்பது அதைவிட முக்கியம். "ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்" என்ற எச்சரிக்கையில் இரண்டு இடங்கள் குறிப்பிடப்பட்டிருக்கும். ஒன்று, பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு முன்னரே போக வேண்டிய தகவலான ஹெடரை அனுப்ப முயன்ற வரி. மற்றொன்று, அடைப்புக்குறிக்குள், வெளியீடு தொடங்கிய வரி. பலர் முதலாவதைத் திருத்த முயன்று களைத்துப்போகிறார்கள். குற்றவாளி அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அது ஏதோ ஒரு கோப்பின் 1ஆம் வரியைக் காட்டி, அங்கே கண்ணுக்கு எதுவும் தென்படாவிட்டால், யுடிஎஃப்-8 குறியாக்கத்திலுள்ள கோப்பின் தொடக்கத்தில் சில உரைத்தொகுப்பிகள் சேர்த்துவிடும் 3 பைட் குறியைத் தேடுங்கள். வெளியீட்டை உடனே அனுப்பாமல் சேர்த்துவைக்கும் அவுட்புட் பஃபரிங் இயங்கும் சேவையகத்தில் இதே நிரல் எந்த முணுமுணுப்பும் இன்றி ஓடும். அது இல்லாத சேவையகத்திற்கு மாற்றியதும் விழுந்துவிடும்.

வெற்று கேட்ச் தொகுதிகளை நான் எங்கே கண்டாலும் பொறுத்துக்கொள்வதில்லை. பிழையைப் பிடித்துவிட்டு எதையும் எழுதாமல் விடுவது, அடுத்து வருபவருடைய ஒரே தடயத்தையும் அழிப்பதாகும். @ குறியால் எச்சரிக்கைகளை அடக்குவதும் அதே இனம். 2020இல் வந்த பிஎச்பி 8.0 முதல் அந்தக் குறியால் அபாயப் பிழைகளை அடக்க முடியாது என்பதை நான் மனமார வரவேற்கிறேன்.

நாமே பதிவு எழுதும்போது "தோல்வி" என்ற ஒற்றைச் சொல்லால் யாருக்கும் பயனில்லை. எந்தக் கோரிக்கை, எந்த ஆர்டர் எண், அடியில் இருந்த மூலப் பிழை எது என்பவை அந்த வரியிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அதை எல்லா வரிகளிலும் எழுதி, பயனருக்குக் காட்டும் மன்னிப்புப் பக்கத்திலும் அச்சிட்டால், அவர் அனுப்பும் அந்த ஒரு எண்ணைக் கொண்டே முழு நிகழ்வையும் தேடி எடுத்துவிடலாம். கடவுச்சொல்லும் அட்டை எண்ணும் மட்டும் ஒருபோதும் பதிவுக்குள் போகக் கூடாது. பயனர் தட்டச்சு செய்ததைப் பதிவதானால், அதிலுள்ள புதுவரிக் குறிகளை நீக்கிவிட்டே எழுத வேண்டும். இல்லையேல் வெளியாள் ஒருவர் நம் பதிவிலேயே பொய்யான வரிகளை எழுதிவிடுவார்.