பயறு பாட்டிலில் குளவி வளர்த்த கதை

சங்கரன்கோயில் பக்கம் இருக்கிற மாமா பங்குனியில் கொடுத்துவிட்ட தட்டப்பயறை அம்மா மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு வைத்திருந்தாள். அதற்கு முன்னால் ஒரு வெயில் காட்டி எடுத்துவரச் சொன்னது என்னிடம். நானும் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு மாடிப்படியை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. ஆகவே முதல் குற்றவாளி நான்தான். இப்போதே ஒப்புக்கொண்டுவிட்டால் பின்னால் சிக்கல் இல்லை.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் அடுக்களையிலிருந்து சத்தம். "ஏல, இங்க வா. பயறுல வண்டு விழுந்துட்டு. கூடவே எறும்புக்கு ரெக்க மொளச்சிருக்கு."

பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். வண்டு நமக்குத் தெரிந்த வண்டுதான். பழுப்பில் கறுப்புத் திட்டு, பின்பக்கம் சட்டைக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டிருக்கும். கேலோசோபுரூக்கஸ் என்று பெயர். பாட்டிலுக்குள் அலைகிற வண்டு பயறைத் தின்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது பாவம் ஒன்றும் தின்னாது, தின்றதெல்லாம் புழுவாக இருந்தபோது. தாய் வண்டு பயறுத் தோலின்மேல் வெள்ளைப் பொட்டு மாதிரி முட்டையை ஒட்டிவிட்டுப் போகும், புழு முட்டையின் அடிவழியாகவே நேரே பயறுக்குள் துளைத்துப் போய், உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்டமாக மூடி வெட்டித் திறந்துகொண்டு வெளியே வரும். வாடகையும் கிடையாது, சாப்பாடும் வீட்டுச் சுவர்தான்.

அந்த ரெக்கை முளைத்த எறும்புதான் புதுசு. எள்ளளவு இருக்கும், கறுப்பு. தேங்காய்க் கடையில் ஒவ்வொரு காயாகத் தட்டிப் பார்ப்பார்களே, அதேபோல உணர்கொம்பால் பயறு பயறாகத் தட்டிக்கொண்டே போனது. ஒரு பயறில் நின்றது. திரும்பத் தட்டியது. அப்புறம் வயிற்றை மடக்கி ஊசி மாதிரி ஒன்றைப் பயறுக்குள் இறக்கியது பாருங்கள், எனக்கு அப்போதுதான் உறைத்தது, இது எறும்பே இல்லை, ஒட்டுண்ணிக் குளவி.

"குளவியா? சவத்தத் தூரப் போடுல!"

"இது நம்மளக் கொட்டாதும்மா. உள்ள இருக்கிற புழுவத்தான் கொட்டும். புழுமேலயே முட்டை வைக்கும், குளவிக் குஞ்சு அந்தப் புழுவத் தின்னுட்டு வெளிய வரும்."

"அப்ப நாம புழுவையும் குளவியையும் சேத்துத் திங்கணுமாக்கும்?"

நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லவில்லை.

கடைசியில் உடன்பாடு வந்தது. இரண்டு பாட்டில் பயறையும் தண்ணீரில் கொட்டி, மிதந்த ஓட்டைப் பயறை அரித்து எறிந்துவிட்டு, மிச்சத்தைக் காயவைத்தாயிற்று (மாடிப்படி ஏறியது நான்தான்). மூன்றாவது பாட்டில் எனக்கு. பழைய வாயில் சேலையைக் கிழித்து வாயைக் கட்டி என் மேசைமேல் வைத்தேன். என்ன குளவி என்று பெயர் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று ஒரு வைராக்கியம். வேலைவெட்டி இல்லாதவன் வைராக்கியம் பொல்லாதது.

எதிர்வீட்டு ஆச்சி பஞ்சாங்கம் பார்க்கிற பூதக்கண்ணாடியை வாங்கிவந்தேன். குளவி ஓர் இடத்தில் நின்றால்தானே? கொஞ்ச நேரம் குளிரில் வைத்தால் அசைவு மட்டுப்படும் என்று பூச்சியியல் படித்த சிநேகிதன் சொன்னான். நாலு குளவியை மாத்திரை டப்பாவில் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்தேன். இட்லி மாவுக்குப் பக்கத்தில் அதை அம்மா கண்டுபிடித்தபின் நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுத முடியாது.

ஆனாலும் பலன் இருந்தது. டப்பாவில் இரண்டு தினுசு! ஒன்று கொஞ்சம் பெரிசு, வயிறு பின்னால் கூராக நீண்டிருந்தது. இன்னொன்று சின்னது, குட்டை வயிறு, முனை மழுங்கல். ஒரே ஹார்லிக்ஸ் பாட்டிலில் இரண்டு இனம். செல்போனில் படம் எடுத்து, பெருமையாக நாலு வரி எழுதிச் சிநேகிதனுக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது. "ரெண்டும் ஒண்ணுதாம்ல மூதி. புருசனும் பொண்டாட்டியும்."

அப்புறம் போன் பண்ணி விளக்கினான். டினார்மஸ் என்கிற குழுவாக இருக்கலாம், அது பயறு வண்டையே நம்பிப் பிழைக்கிற ஜாதி. அனைசோப்டெரோமாலஸ் என்று இன்னொன்று உண்டு, அது அரிசி வண்டையும் விடாது. அதுவா இதுவா என்று பார்க்க உணர்கொம்பின் அடிப்பக்கத்தில் மோதிரம் போட்ட மாதிரி இருக்கிற பொடிக் கணுக்களை எண்ணணும், பெண் குளவியில் மூன்று இருந்தால் அனைசோப்டெரோமாலஸ் பக்கம் போகணும். எள்ளளவு பூச்சி, அதன் கொம்பு மயிரிழை, அதன் அடியில் மோதிரம் எத்தனை! ஆச்சியின் பூதக்கண்ணாடியில் எனக்கு முதலில் இரண்டு தெரிந்தது, திரும்ப எண்ணினால் நாலு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது குளவியையே காணோம். "படத்த வச்சு இனம் சொல்றவன் ஜோசியக்காரன்ல, ஸ்பிரிட்ல போட்டுக் கொண்டா" என்று முடித்துவிட்டான்.

இதுவே பெரிசு என்றும் சொன்னான். வண்டு முட்டைக்குள்ளேயே முட்டை வைக்கிற உஸ்கானா என்ற குளவி ஒரு மில்லிமீட்டர்கூட வராதாம், அது புகுந்த முட்டை கறுத்துப்போகுமாம். ஒரு மத்தியானம் முழுக்கக் கறுப்பு முட்டை தேடினேன். ஒன்று கிடைத்ததென்று துள்ளிக் குதித்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தால் அது பயறின் கண்.

இந்த ஆண் குளவி சமாச்சாரத்தை அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். கருவுற்ற முட்டையிலிருந்து பெண், கருவுறாத முட்டையிலிருந்து ஆண், அதாவது ஆண் குளவிக்குத் தகப்பனே கிடையாது என்றேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அதான் பொறுப்பில்லாமத் திரியுது."

ஆடி பிறந்தபோது மூன்றாவது பாட்டிலில் வண்டு நன்றாகக் குறைந்திருந்தது. ஏற்கெனவே ஓட்டையான பயறு ஓட்டைதான், குளவி அதை அடைத்துத் தராது. ஆனால் புதுசாக விழுந்த ஓட்டைகள் பலதும் சின்னதாக இருந்தன, குளவி வந்த வழி. அம்மா தினமும் பாட்டிலை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் காப்பி போட்டாள். கேட்டால் தூசி தட்டினாளாம்.

போன வெள்ளிக்கிழமை பூதக்கண்ணாடியைத் திரும்ப வாங்க ஆச்சி வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். உறைக்கு மோர் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"எய்யா, எங்க வீட்டுத் தட்டப்பயறுலயும் வண்டு விழுந்துட்டு. அந்தக் குளவி ரெண்டு இருந்தா இதுல போட்டுத் தாயேன்."

நான் பாட்டிலின் துணியை அவிழ்ப்பதற்குள் அடுக்களையிலிருந்து அம்மா குரல். "ஏல, வயிறு கூரா இருக்கதாப் பாத்துப் பிடிச்சுக் குடு. அதுதான் வேல செய்யும்."