மணிக்குக் கரை வேண்டும்

அமெரிக்கப் படகுத்துறை ஒன்றில் நின்றுகொண்டு "மணி! மணி!" என்று கத்திப் பாருங்கள். நாலு பேர் தங்கள் பாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். மரக்காணத்தில் எந்தத் தெருமுனையில் நின்று இந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் ஒரு நாயாவது திரும்பும் என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? நாய்க்குப் பணம் என்று பெயர் வைத்த குடும்பம் என்றே வழியெல்லாம் எங்களை அடையாளம் வைத்துக்கொண்டார்கள். இன்னொருத்தி பூரி. அவள் பெயருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. உருண்டையாக, பொன்னிறமாக, உப்பிக்கொண்டு இருப்பாள்.

வர்ஜீனியாவின் செசபீக் நகருக்கு நாங்கள் குடிவந்து பதினாறு வருடம் ஆகிறது. இந்தப் பதினாறு வருடத்தில் எனக்குத் தெரிந்த அமெரிக்கா ஆபீஸ், காஸ்ட்கோ கடை, கோயில், மகனுடைய பள்ளிக்கூடம், இவற்றுக்கு நடுவே உள்ள சாலைகள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கையாட்டுவேன். அவரும் ஆட்டுவார். அவ்வளவுதான். டீப் க்ரீக் பகுதியில் ஒரு தூக்குப்பாலம் உண்டு. படகு போவதற்காக அதைத் தூக்கும்போதெல்லாம் ஆபீசுக்கு நேரமாகிறதே என்று காருக்குள் உட்கார்ந்து திட்டியிருக்கிறேன். அந்தப் படகுகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மகன் கல்லூரிக்குப் போனான். அடுத்த ஆண்டே என் வீட்டுக்காரருக்கு வேலை போனது. மூன்று மாதம் இன்டர்வியூ, இன்டர்வியூ என்று அலைந்தார். அப்புறம் ஒரு நாள், கையில் வந்த பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு முப்பத்து நாலு அடி நீளமுள்ள ஒரு பழைய ட்ராலர் படகை வாங்கிவிட்டு வந்து நின்றார். ஒற்றை டீசல் எஞ்சின், மணிக்கு எட்டு மைல் வேகம். "ஃப்ளாரிடா வரைக்கும் போய்ட்டு வரலாம், நீ லேப்டாப்பை எடுத்துக்கோ" என்றார். எனக்குக் கணக்கு வேலைதான், எங்கிருந்தும் செய்யலாம். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்புறம் சரி என்றேன்.

ஊருக்கு போன் செய்து சொன்னபோது அம்மா எடுத்தவுடன் கேட்டது, "கடல்லயா?"

கடலில் இல்லை. அதுதான் இந்த வழியின் அழகே. அட்லாண்டிக் கடலோரமாகவே, ஆனால் கரைக்கு உட்பக்கமாக, ஆறுகளையும் கழிமுகங்களையும் உப்பங்கழிகளையும் வெட்டிய கால்வாய்களால் கோத்து ஒரு நீர்வழி செய்து வைத்திருக்கிறார்கள். இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்று பெயர். நார்ஃபோக்கில் எலிசபெத் ஆற்றில் 36 என்று எண் போட்ட சிவப்பு மிதவை இருக்கிறது. அதுதான் பூஜ்ய மைல். அங்கிருந்து மயாமி வரை ஏறக்குறைய 1,090 மைல். ராணுவப் பொறியாளர் பிரிவு ஆழப்படுத்திப் பராமரிக்கிறது. பெரும்பகுதிக்குப் பன்னிரண்டு அடி ஆழம் என்பது கணக்கு. மணல் அந்தக் கணக்கைப் படிப்பதில்லை என்பதை இரண்டு முறை தரைதட்டித் தெரிந்துகொண்டோம்.

இதையெல்லாம் விளக்கினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நம்ம பக்கிங்காம் கால்வா மாதிரின்னு சொல்லு" என்றாள்.

அதே மாதிரிதான். ஆந்திராவிலிருந்து கடலை ஒட்டியே வந்து எங்கள் மரக்காணத்தில் முடியும் கால்வாய். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது உப்பும் விறகும் அதில்தான் சென்னைக்குப் போகும். கரையில் ஆள் நடந்து கயிறு கட்டி இழுப்பார்களாம். எனக்கு நினைவு தெரிந்த நாளில் அது ஆகாயத்தாமரை மண்டிய தண்ணீர். "நாயை ஏன்டி இழுத்துக்கிட்டுப் போற?" என்று அம்மா அடுத்ததாகக் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டில் விட்டுப் போக ஆள் இல்லை என்பது உண்மை. அதைச் சொன்னால் பதினாறு வருடத்தில் ஒரு ஆளைக்கூடப் பிடித்து வைக்கவில்லையா என்று கேட்பாள்.

அக்டோபர் நடுவில் கிளம்பினோம். புயல் காலம் நவம்பர் கடைசி வரை என்பதால் காப்பீட்டுக்காரர்கள் அதற்குமுன் ரொம்பத் தெற்கே போகவிட மாட்டார்கள். வடக்கே குளிரும் விடாது. வலசைப் பறவை மாதிரி இந்தச் சமயத்தில் ஒரு கூட்டமே தெற்கே இறங்குகிறது.

முதல் நாளே டீப் க்ரீக் லாக். தொட்டிக்குள் படகை விட்டுக் கதவை மூடித் தண்ணீரைப் பாய்ச்சி எட்டு அடி உயர்த்துகிறார்கள். ஒரு நாளைக்கு நாலே தடவை. அந்த நேரத்தில் இரண்டு பேர் கையிலும் கயிறு இருக்க வேண்டும் என்பதால் நாய்கள் கேபினுக்குள். லாக்கைத் திறந்துவிட்ட மனிதரே வண்டியில் ஏறி முன்னால் போய்ப் பாலத்தையும் தூக்கினார். நான் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் கார்கள். ஒரு பெண் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு என்னை முறைத்தாள். மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பாலம் தாண்டியதும் டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். 1805இல் திறந்தது, இந்த நாட்டில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் வெட்டுக் கால்வாய்களில் மிகப் பழையது. தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறம். சுற்றியுள்ள மரப்பட்டையும் மக்கிய மண்ணும் ஊறி வந்த சாயம். இருபத்திரண்டு மைல் நேர்கோடு, இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்து நிற்கும். வெட்டியவர்கள் பெரும்பாலும் அடிமைகள். எஜமானர்கள் கூலிக்கு விட்ட ஆட்கள், இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் வெட்டியது. அதே சதுப்புக்குள் தப்பியோடி ஒளிந்து குடும்பம் குடும்பமாக வாழ்ந்தவர்களும் இருந்திருக்கிறார்கள். பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த துண்டு, 1877-78 பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாத ஜனங்களை வைத்து வெட்டியது. பேர் மட்டும் கவர்னர் பக்கிங்காமுக்கு. அன்று மாலை முழுக்க இது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நாய்களுக்கு அதெல்லாம் தெரியாது. மணி வாலை ஆட்டிக்கொண்டு ஒவ்வொரு மரத்தையும் பார்த்தான். இத்தனை மரம் இருந்தும் ஒன்றின் அருகில்கூடப் போக முடியவில்லையே என்ற ஏக்கம்.

நாயோடு படகில் போவது என்றால் கடைசியில் இந்த ஒரு விஷயம்தான்: அது எங்கே போகும்? முன்தளத்தில் செயற்கைப் புல் பாய் ஒன்று விரித்திருந்தோம். மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டியிருக்கும். வேலை முடிந்ததும் தண்ணீரில் போட்டு அலசி எடுத்துவிடலாம். பூரி இரண்டாம் நாளே அதற்கு ஒத்துக்கொண்டாள். மணி பாயை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அவனுக்குக் கரை வேண்டும். தினமும் விடியலில் ஒரு தடவை, நங்கூரம் போட்ட பிறகு ஒரு தடவை. முப்பது கிலோ நாயை ரப்பர் படகில் இறக்கி, துடுப்புப் போட்டு, ஏதாவது ஒரு கரை தேடிக்கொண்டு போக வேண்டும். லைஃப் ஜாக்கெட்டின் முதுகில் கைப்பிடி இருக்கும், பெட்டியைத் தூக்குவது மாதிரி தூக்கலாம். நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். எங்கள் முதல் ஜாக்கெட்டின் கைப்பிடி நார்த் கரோலினாவிலேயே தையல் விட்டுப்போனது, நாய் உள்ளே இருக்கும்போது.

கரை என்றால் யாருடைய கரை? அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த நாட்டில் அடுத்தவர் புல்வெளியில் கால் வைக்க நான் கனவில்கூடத் துணிந்ததில்லை. இப்போது தினமும் இரண்டு வேளை யாரோ ஒருவருடைய துறையை நோக்கி நாயோடு துடுப்புப் போட்டுக்கொண்டு போய், "இங்கே இறங்கலாமா?" என்று கேட்க வேண்டியதாயிற்று. முதல் வாரம் என் வீட்டுக்காரரையே அனுப்பினேன். எலிசபெத் சிட்டியில் நகராட்சியே இலவசமாகப் படகு கட்ட இடம் விட்டிருக்கிறது. 1983இல் இரண்டு முதியவர்கள் சேர்ந்து, வரும் படகுக்காரர்களுக்கு ரோஜாப்பூ கொடுத்து வரவேற்கும் வழக்கத்தை ஆரம்பித்து வைத்த ஊர். அங்கே நடைபாதையில் ஒரு மணி நேரத்தில் எனக்குப் பேச்சுத்துணை கிடைத்த அளவுக்கு செசபீக்கில் பதினாறு வருடத்தில் கிடைக்கவில்லை. எல்லோரும் முதலில் பேசியது மணியிடம்.

அல்பமார்ல் சவுண்ட் என்ற உப்பங்கழி பார்ப்பதற்குக் கடல் மாதிரி அகலம், ஆழமோ ரொம்பக் குறைவு. காற்று அடித்தால் குட்டை குட்டையான செங்குத்து அலைகள் எழும்பும். பூரி மூன்று தடவை வாந்தி எடுத்தாள், நான் ஒரு தடவை. அதைத் தாண்டினால் அலிகேட்டர் ஆற்றுப் பாலம். ரேடியோவில் பதின்மூன்றாம் சானலில் பாலக்காரரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் சுக்கானில், ஆக நான்தான் பேச வேண்டும். வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டாலே என் உச்சரிப்பைத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். நடுங்கிக்கொண்டே படகின் பெயரைச் சொன்னேன். "வாருங்கள் கேப்டன், உங்களைப் பார்த்துவிட்டேன்" என்று பதில் வந்தது. ரேடியோவில் எல்லோருமே கேப்டன்தானாம். எனக்குத் தெரிந்த ஒரே கேப்டன் விஜயகாந்த். நாலு நாள் அந்த மிதப்பிலேயே இருந்தேன்.

வழி தவறுவது கஷ்டம். தெற்கே போகும்போது சிவப்புக் குறி வலக்கைப் பக்கம், பச்சை இடக்கைப் பக்கம். கடல்வாய்கள் குறுக்கிடும் இடங்களில் இந்த நிறம் மாறிப்போகும். அங்கே குறிகளில் ஒட்டியிருக்கும் சின்ன மஞ்சள் முக்கோணத்தையும் சதுரத்தையும் பார்த்துப் போனால் போதும்.

லெஜூன் என்ற பெரிய மரீன் படை முகாமுக்கு நடுவே இந்த நீர்வழி போகிறது. சுடும் பயிற்சி நடந்தால் வழியை மூடிவிடுவார்கள். அங்கே மைல் ஹாமக் பே என்ற குடாவில் நங்கூரம் போட்டு இரவு தங்கலாம், ஆனால் கரையில் இறங்கக் கூடாது. அது ராணுவ நிலம். மணிக்கு இதை யார் சொல்வது? மாலை ஐந்து மணிக்கு ரப்பர் படகின் அருகே போய் உட்கார்ந்தான். ஏழு மணிக்கு முனகினான். தலைக்கு மேலே ராணுவ ஹெலிகாப்டர்கள் போய்க்கொண்டிருந்தன. விடிந்தும் கரை இல்லை என்று தெரிந்ததும் கப்பலே அதிர்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டான். அப்புறம் முன்தளத்துக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புல் பாயில் நின்றான். நிமிடக்கணக்கில் நின்றான். என் வீட்டுக்காரர் கைதட்டினார். நான் அம்மாவுக்கு போன் செய்தேன். "இதுக்கெல்லாமாடி போன் பண்ணுவ?" என்றாள், ஆனால் சிரித்தாள்.

சவுத் கரோலினாவில் வாக்கமா ஆற்றுக்குள் நுழைந்ததும் எனக்கு ஊர் வாசனை அடித்தது. இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள். அவற்றுக்கு அப்பால் கரை கட்டிய சதுரம் சதுரமான பழைய வயல்கள், மரத்தாலான மதகுகள். நெல் வயல்கள்தான். 1840 வாக்கில் அமெரிக்காவின் மொத்த நெல்லில் பாதிக்கு அருகில் இந்த ஜார்ஜ்டவுன் வட்டாரத்தில் விளைந்ததாம். கடலின் ஏற்றவற்றத்தைக் கொண்டே ஆற்றின் நல்ல தண்ணீரை வயலுக்குள் ஏற்றி இறக்கும் வேலையைச் செய்தவர்கள், மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும். அரிசி என்றால் காஸ்ட்கோவில் இருபது பவுண்டு மூட்டை என்று இருந்த எனக்கு இது புதிது.

மெக்லெல்லன்வில் என்ற இறால்பிடி ஊரைத் தாண்டி ஓர் ஓடையில் நங்கூரம் போட்டோம். வற்று நேரம். புல்லுக்கு முன்னால் பத்தடி அகலத்துக்கு வழவழவென்று சேறு. கெட்டித் தரை என்று நினைத்து மணி குதித்தான். வயிறு வரை இறங்கினான். அவனைத் தூக்க நான் இறங்கினேன், தொடை வரை போனது. அழுகிய முட்டை நாற்றம். காலை உருவினால் செருப்பு வரவில்லை, செருப்பைத் தேடினால் சிப்பி ஓடு கையைக் கிழித்தது. இந்த ஓடு நாயின் பாதத்தை பிளேடு மாதிரி அறுத்துவிடும் என்று படித்திருந்தேன். கத்தினேன்.

ஓடையின் வளைவில் ஒரு கறுப்பின முதியவர் தட்டைப் படகில் நின்று வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாமல் வந்தார். "நிற்காதே, படு" என்றார். வயிறு தரையில் பட, நீந்துகிற மாதிரி தவழ வேண்டுமாம். அப்படியே செய்தேன், ஐம்பத்தோரு வயதில். மணியைக் கைப்பிடியோடு தூக்கித் தன் படகில் போட்டார். அவர் வலையை நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, "தெரியுமா?" என்று கேட்டார். என் தாய்மாமன் மரக்காணம் கழியில் இதே வலையை வீசுவார், ஓர் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வீசுவார் என்றேன். அவர் வாயைத் திறந்து தன் பல்லைக் காட்டினார். முன்பல் இரண்டும் தேய்ந்திருந்தன. போகும்போது ஒரு பாத்திரம் நிறைய இறால் கொடுத்தார். பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு வறுத்தேன். மறுநாள் காலை துடுப்புப் போட்டுப் போய் அவருக்கும் ஒரு டப்பா கொடுத்தேன். என் வீட்டுக்காரரை அனுப்பவில்லை, நானேதான் போனேன்.

ஜார்ஜியாவில் ஏற்றவற்றம் ஏழெட்டு அடி. மணியை எந்த நேரம் இறக்குவது என்பதை நிலாதான் முடிவு செய்தது. கம்பர்லாந்து தீவில் காட்டுக் குதிரைகள் திரிகின்றன. அங்கே போகும் பயணிகள் படகில் நாய்க்கு இடமில்லை, சொந்தப் படகில் வந்தால் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். மணி முதல் குதிரையைப் பார்த்ததும் என் காலுக்கு நடுவில் ஒளிந்தான். பூரி குரைத்தாள். குதிரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நவம்பர் கடைசியில் செயின்ட் அகஸ்டின், 778ஆம் மைல். 1565இல் ஸ்பெயின்காரர்கள் உண்டாக்கிய ஊர். படகைக் குளிர்காலத்துக்கு அங்கே விட்டுவிட்டு வாடகைக் காரில் திரும்பினோம். ஆறு வாரம் இறங்கி வந்த தூரம் நெடுஞ்சாலையில் பத்து மணி நேரம். ஒவ்வொரு ஆற்றுப் பாலமும் வரும்போது எட்டிப் பார்ப்பேன், பார்ப்பதற்குள் போய்விடும்.

சவுத் கரோலினாவில் ஓர் ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி நாய்களை இறக்கினோம். பரந்த பசும்புல், நூறு மரம். மணி புல்லை முகர்ந்தான், மரத்தை முகர்ந்தான், திரும்பி வந்து காரின் டிக்கி அருகே உட்கார்ந்துகொண்டான். கால் மணி நேரம் நடத்திப் பார்த்தோம். கடைசியில் என் வீட்டுக்காரர் டிக்கியைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த அந்தப் பாயை எடுத்து, புல்லின் மேலேயே விரித்தார். மணி ஏறி நின்றான்.