நாய், பூனை எக்ஸ்ரே: நோய்க்கு முன் இயல்பைப் படியுங்கள்

கால்நடை மருத்துவம் படிக்கவும் பயிற்சி பெறவும் பெங்களூருக்கு வரும் தமிழ் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கதிரியலை எந்த நோயிலிருந்து தொடங்குவது என்பதுதான். எந்த நோயிலிருந்தும் வேண்டாம். நலமாக இருக்கும் நாய், பூனைகளின் படங்களைக் கண் பழகும்வரை பாருங்கள். எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டது அப்படித்தான்.

படத்தில் தெரிவது ஐந்தே அடர்த்திகள்: காற்று, கொழுப்பு, நீர் அல்லது தசை, எலும்பு, உலோகம். நீரும் தசையும் ஒரே சாம்பல் நிறத்தில் விழும். அதனால்தான் வயிற்றில் நீர் கோத்தால் உறுப்புகளின் விளிம்பு மறைந்துபோகிறது. உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் கொழுப்பே இல்லாத குட்டி நாய்க்கும் விளிம்பு தெரியாது, அது நோயல்ல. குட்டியின் கால் எலும்பில் தெரியும் வளர்ச்சித் தட்டு (எலும்பு இன்னும் வளரும் இடம்), பழகாத கண்ணுக்கு முறிவு போலத் தோன்றும். ஐயம் வந்தால் எதிர்க்காலையும் படமெடுத்து ஒப்பிடுங்கள். மூச்சை வெளிவிட்ட நேரத்தில் எடுத்த மார்புப் படத்தில் நுரையீரல் வெளுத்து, நிமோனியா என்று நம்பவைக்கும். மார்புக்கு மூச்சை முழுதாக உள்ளிழுத்த கணத்தில்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.

இதயத்தை அளக்க 1995இல் வெளியான முள்ளெலும்பு அளவுமுறையைக் கட்டாயம் பழகுங்கள். பக்கவாட்டுப் படத்தில் இதயத்தின் நீளத்தையும் அகலத்தையும் எடுத்து, நான்காவது மார்பு முள்ளெலும்பின் முன் விளிம்பிலிருந்து வைத்து, ஒவ்வொன்றும் எத்தனை முள்ளெலும்பு நீளம் என்று எண்ணிக் கூட்ட வேண்டும். நாய்க்குச் சராசரி 9.7, இயல்பு எல்லை 8.7 முதல் 10.7. பூனைக்குச் சராசரி 7.5. ஆனால் பெங்களூரு அடுக்ககங்களில் நிறைந்திருக்கும் பக் நாய்க்கு இந்த எல்லை பொருந்தாது. நலமான பக்கிலேயே அளவு கூடுதலாக வரும். எண்ணை மட்டும் நம்பி மருந்து தொடங்குவது அந்த நாய்க்குச் செய்யும் அநியாயம்.

எந்தப் பக்கம் படுக்கவைப்பது என்பதை மனப்பாடம் செய்யாமல் காரணத்தோடு படியுங்கள். கீழே அழுந்தும் நுரையீரலில் காற்று குறைவதால் அங்குள்ள சிறு கட்டி மறைந்துவிடும். மேலே இருக்கும் நுரையீரலில் தெளிவாகத் தெரியும். புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று தேடும்போது இரு பக்கமும் எடுப்பது இதற்காகத்தான். இரைப்பை முறுக்கிக்கொண்டதாக ஐயப்பட்டால் வலப்பக்கம் கீழே இருக்கப் படுக்கவைக்க வேண்டும். மூச்சுத் திணறும் பூனையை மல்லாத்தவே கூடாது. ஆக்சிஜன் கொடுத்து அமைதிப்படுத்திய பிறகு, குப்புற வைத்து எடுக்கலாம். படத்தைவிட உயிர் பெரிது.

பெங்களூரின் அல்சூரிலிருந்தோ சிவாஜிநகரிலிருந்தோ தெருநாயைத் தூக்கிவரும் ஒருவர், "வண்டி இடிச்சிருச்சு டாக்டர், காலை ஊன்ற மாட்டேங்குது" என்று தமிழில் சொல்வார். கேட்டவுடன் நம் கண் காலுக்கே ஓடும். மார்பையும் வயிற்றையும் பாருங்கள். உதரவிதானம் கிழிந்து குடல் மார்புக்குள் ஏறியிருக்கலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருக்கலாம், சிறுநீர்ப்பை கிழிந்திருக்கலாம். கால் முறிவு ஒரு நாள் காத்திருக்கும், இவை காத்திருக்கமாட்டா. எதற்காக எடுத்த படமானாலும் ஒரே வரிசையில், மூலை முடுக்கு விடாமல் பார்க்கும் பழக்கம் இதற்காகவே தேவை.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். ஈயக் கவசம் சிதறும் கதிரைக் குறைக்கும். நேர்க்கதிருக்கு முன் அது போதாது. கையுறை போட்டிருந்தாலும் கதிர் விழும் சதுரத்துக்குள் கை போகக்கூடாது. மணல் பை, பட்டை, தேவையானால் மயக்க மருந்து ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். தொழிலாளருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். வரம்பு இருக்கிறதே என்று அதுவரை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. கதிர் அளவைக் காட்டும் பேட்ஜ் மேசை இழுப்பறையில் கிடந்து பயனில்லை.

வாய்மொழித் தேர்வில் படத்தைக் காட்டியதும் நோயின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். எந்தக் கோணம், இட வல அடையாளம் இருக்கிறதா, உடல் நேராக வைக்கப்பட்டிருக்கிறதா என்று தொடங்குங்கள். பிறகு உறுப்பின் அளவு, வடிவம், எண்ணிக்கை, இடம், விளிம்பு, அடர்த்தி. உதாரணமாக, சிறுநீர்ப்பையில் கல் எதுவும் தெரியவில்லை என்றால் "கல் இல்லை" என்று முடிக்காமல், யூரேட் போன்ற கற்கள் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், அல்ட்ராசவுண்ட் பார்க்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.