எட்டுத் தோசையும் ஏழாவது ஆட்டமும்

கூடைப்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்தைக் கூடைக்குள் போட வேண்டும் என்பது மட்டுமே. அப்படிப்பட்ட என்னால்தான் 2010ஆம் ஆண்டு அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் கோப்பை பாஸ்டன் செல்டிக்ஸின் கையைவிட்டுப் போனது என்று என் மைத்துனர் இன்றளவும் நம்புகிறார்.

அப்போது நாங்கள் லாஸ் ஏஞ்சலஸில் குடியிருந்தோம். என் மனைவி அந்த ஊரிலேயே படித்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்து, லேக்கர்ஸ் அணியைத் தன் பிறந்த வீட்டுச் சொத்தாகவே பாவித்து வந்தவள். அவளுடைய அண்ணனோ பல ஆண்டுகளாகப் பாஸ்டன்வாசி. அலுவலக வேலையாக ஜூன் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் தங்க வந்தவர், மாற்று வேட்டியை மறந்துவிட்டிருந்தாலும் செல்டிக்ஸின் பச்சைப் பனியனை மறக்கவில்லை. இரு அணிகளும் அதற்கு முன் 11 முறை இறுதித் தொடரில் மோதியிருக்கின்றன, அதில் 9 முறை வென்றது செல்டிக்ஸ்தான் என்ற கணக்கைக் காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்தார். "மிச்சம் ரெண்டு யாருதுன்னும் சொல்லேன் அண்ணா" என்றாள் என் மனைவி. அந்தக் கேள்வி அவர் காதில் விழவில்லை.

முதல் ஆட்டத்தை லேக்கர்ஸ் வென்றது. வில்லங்கம் ஜூன் 6, ஞாயிற்றுக்கிழமை நடந்த இரண்டாவது ஆட்டத்தில் ஆரம்பித்தது. அண்ணனும் தங்கையும் சோபாவின் இரு முனைகளில் எல்லைக்கோடு போட்டு அமர்ந்திருக்க, நடுநிலை நாடான நான் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். செல்டிக்ஸின் ரே ஆலன் தொலைவிலிருந்து மூன்று புள்ளி எறிவுகளாகப் போட்டுத் தள்ளினார். மூன்றாவது பந்து விழுந்தபோதுதான் மைத்துனர் ஒன்றைக் கண்டுபிடித்தார்: நான் தோசையைத் திருப்பிப் போடும் போதெல்லாம் பந்து கூடைக்குள் விழுகிறதாம். அதன்பின் என்னைக் கல்லை விட்டு நகர விடவில்லை. இடைவேளைக்குள் ஆலன் ஏழு போட்டார். நானும் ஏழு வார்த்தேன். எட்டாவதும் விழுந்தபோது, இறுதித் தொடரின் ஒரே ஆட்டத்தில் அதுவரை எவரும் எட்டாத சாதனை அது என்று தொலைக்காட்சியில் முழங்கினார்கள். செல்டிக்ஸ் 103–94 என வென்றது. மைத்துனர் உள்ளே வந்து தோசைக்கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல் இன்னும் சூடாகத்தான் இருந்தது. பக்தியில் அதை அவர் பொருட்படுத்தவில்லை.

மூன்றாவது ஆட்டம் செவ்வாய்க்கிழமை பாஸ்டனில் நடந்தது. அதே கல், அதே கரண்டி, அதே மாவு. எந்த மாற்றமும் கூடாது என்பது அவருடைய உத்தரவாகையால், ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய மாவையே குளிர்சாதனப் பெட்டியில் காப்பாற்றி வைத்திருந்தேன். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. ஆலனின் முதல் எறிவு கூடை விளிம்பில் பட்டுத் தெறித்தது. அன்று அவர் 13 முறை கூடையை நோக்கி எறிந்தும் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஆட்டத்தை லேக்கர்ஸ் வென்றதும் மைத்துனர் மாவுப் பாத்திரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "மாப்ள, மாவு புளிச்சுப்போச்சே, இதைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்ட குரலில் இருந்த துயரத்தை, அவருடைய திருமணத்தில் தாலி எடுத்து வைக்க மறந்தபோதுகூட நான் கேட்டதில்லை.

அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கும் அவர் என்னை நம்பாமல் பீட்சா வரவழைத்தார். இரண்டிலும் செல்டிக்ஸ் வென்று தொடரில் 3–2 என முன்னேறியது. நான்கு ஆட்டம் வென்றால் கோப்பை. ஆறாவது ஆட்டம் மீண்டும் லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது. செல்டிக்ஸின் நெட்டையர் கென்ட்ரிக் பெர்கின்ஸ் முழங்காலில் அடிபட்டு வெளியேற, அணி 67 புள்ளிகளில் சுருண்டது.

ஏழாவது ஆட்டம் ஜூன் 17. அன்று மாலை என் மனைவி லேக்கர்ஸின் நிறங்களான ஊதாவும் பொன்மஞ்சளுமாக ஒரு பொட்டலம் பலூன் வாங்கி வந்தாள். மைத்துனர் விழுந்து விழுந்து சிரித்தார். 1969இல் இதே ஊரில், இதே இரு அணிகள் ஆடிய ஏழாவது ஆட்டத்தின்போது, வெற்றி விழாவுக்காக லேக்கர்ஸ் உரிமையாளர் அரங்கத்தின் கூரையில் பலூன்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாராம். செல்டிக்ஸ் இரண்டே புள்ளிகளில் ஜெயித்துவிட, அவை கூரையிலேயே நின்றுவிட்டனவாம். கதையைக் கேட்டவள் பலூன் பொட்டலத்தைப் பிரிக்காமல் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். தோசை, பீட்சா இரண்டுக்கும் தடை விதித்ததும் அவள்தான். ஆகவே நான் ரவை உப்புமா கிளறினேன்.

உப்புமாவுக்கு அணிப் பாகுபாடு கிடையாது என்பது அன்று தெரிந்தது. லேக்கர்ஸின் கோபி பிரையன்ட் 24 முறை எறிந்து ஆறே ஆறு போட்டார். ஆலன் 14 முறை எறிந்து மூன்று போட்டார். இரண்டு சாம்பவான்களையும் ஒரே வாணலியில் கவிழ்த்த பெருமையோடு நான் இரண்டாம் முறை பரிமாறினேன். செல்டிக்ஸ் 13 புள்ளிகள் முன்னிலையில் இருந்தபோது அதைத் தேவாமிர்தம் என்று சாப்பிட்ட மைத்துனர், முன்னிலை கரையக் கரைய, உப்பு அதிகம் என்றார். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் லேக்கர்ஸின் ரான் ஆர்டெஸ்ட் போட்ட மூன்று புள்ளி எறிவு வலைக்குள் இறங்கியது. மைத்துனரின் தட்டு தரைக்கு இறங்கியது. 83–79, கோப்பை லேக்கர்ஸுக்கு.

ஆட்டத்துக்குப் பின் கொடுத்த பேட்டியில் ஆர்டெஸ்ட் தம் மனநல மருத்துவருக்கு நன்றி சொன்னார். மைத்துனர் திரையையே வெறித்துப் பார்த்துவிட்டு, "அந்த டாக்டர் இந்த ஊர்தானா?" என்று மெதுவாகக் கேட்டார். என் மனைவியால் பதில் சொல்ல முடியவில்லை, பலூன் ஊதிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குக் கிளம்புகையில் அவர் கேட்டதெல்லாம் என் தோசைக்கல் ஒன்றைத்தான். அடுத்த ஆண்டு இறுதித் தொடருக்கு, அன்றன்று அரைத்த மாவோடு, தாமே கல் முன் நிற்கப் போவதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு இறுதித் தொடரில் ஆடியவை டல்லாஸும் மயாமியும். கல் இன்னும் பாஸ்டனில்தான் இருக்கிறது.