முதலில் எந்தப் புத்தகம்?

மே 3
அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். எழுத்தாளர் சுந்தர ராமசாமியை எதிலிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்டாள். யோசிக்காமல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ எடுத்துக் கொடுத்துவிட்டேன். எனக்கு உயிரான புத்தகம். அட்டை விட்டுப்போனதால் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

மே 6
நாற்பது பக்கத்தோடு நின்றுவிட்டாள். “சித்தப்பா, கதை எப்போ ஆரம்பிக்கும்?”

அவள் தேடுகிற மாதிரிக் கதை அதில் இல்லை. பாலு என்ற தமிழ் எழுத்தாளன், மறைந்துபோன ஜே.ஜே என்ற மலையாள எழுத்தாளனைப் பற்றி நினைவில் இருப்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதிக்கொண்டே போகிறான். நடுவே தமிழ் எழுத்துலகத்தைக் கிழித்துத் தொங்கவிடுகிறான். 1981-இல் வந்த நாவல். அந்தக் காலத்துச் சண்டைகள் தெரியாத பெண்ணிடம் இதை முதலில் நீட்டியது என் தப்புதான்.

மே 7
‘ஒரு புளியமரத்தின் கதை’யைக் கொடுத்தேன். 1966-இல் வந்தது, அவருடைய முதல் நாவல். அதில் வரும் தாமோதர ஆசான் கதை சொல்ல ஆரம்பித்தால் எழுந்து போக முடியாது.

மே 11
முடித்துவிட்டாள். மரம் அழியப்போகிறது என்று தெரிந்தே படித்தும் கடைசியில் மனசு கேட்கவில்லையாம்.

சரி, இப்போது ஜே.ஜே-வைத் திரும்பக் கொடுக்கலாம். ஆனால் பின்பாதியிலிருந்து. அங்கே இருப்பது ஜே.ஜே-யின் நாட்குறிப்பு. ஒன்றைப் படித்துவிட்டு மூடி வைக்கலாம், மறுநாள் தொடரலாம். ஆளைப் பிடித்துப்போனால் முன்பாதி தானாக இழுக்கும். வரிசையை மாற்றுவது ஆசிரியருக்குச் செய்யும் துரோகம் என்று சிலர் கோபப்படுவார்கள். பாதியில் மூடி வைப்பதைவிட இது மேல்.

மே 18
காலைக் காபியோடு தினம் இரண்டு மூன்று குறிப்புகள். நேற்றிலிருந்து முதல் பக்கத்துக்குப் போய்விட்டாள்.

“சித்தப்பா, ஜே.ஜே எழுதின புத்தகம் தமிழ்ல கிடைக்குமா?”

“அப்படி ஒருத்தர் இல்லம்மா. சுந்தர ராமசாமியோட கற்பனை.”

“அப்போ காம்யு?”

“அவர் நிஜம். பிரெஞ்சு எழுத்தாளர். 1960 ஜனவரி 4, கார் விபத்துல போனார்.”

மறுபடி முதல் வாக்கியத்தைப் பிரித்தாள். காம்யு இறந்த மறுநாள் ஜே.ஜே இறந்ததாக அது சொல்கிறது. நிஜச் சாவை ஒட்டி ஒரு கற்பனைச் சாவு, நடுவில் ஒரே நாள். அந்த வரியில் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மே 24
ஊருக்குக் கிளம்பினாள். ரப்பர் பேண்டோடு ஜே.ஜே-வும் போயாயிற்று. சுந்தர ராமசாமியின் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ பெரிய புத்தகம், அவசரமாகப் படிக்கக் கூடாது. அடுத்த விடுமுறைக்கு மேல்தட்டில் எடுத்து வைத்துவிட்டேன்.