சுக்கான் பிடிக்கிறவளின் அப்பா

ஜனவரி 12

காவர்ஷம் லாக்கில், அதாவது தேம்ஸில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகில், மறுபடி சிவப்புப் பலகை. நீரோட்டம் வேகம், படகு இறக்காதே என்று அர்த்தம். ஒரு வாரமாக, இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ரெடிங் முழுக்க மழை, தேம்ஸ் கரையைத் தொட்டுக்கொண்டு காபி நிறத்தில் ஓடுகிறது, இந்த நிலைமையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை யாரும் ஆற்றில் விட மாட்டார்கள். அதனால் படகுக் கொட்டகையின் மாடியில் எர்க் பயிற்சி.

எர்க் பார்க்காதவர்களுக்கு: தரையிலேயே துடுப்பு போட்டுப் பழகும் மெஷின். நகரும் சீட், காலைக் கட்ட ஒரு பலகை, இழுக்க ஒரு சங்கிலி, முன்னால் காற்றைக் கிழிக்கும் சக்கரம். 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறாய் என்று திரை ஒவ்வொரு இழுப்புக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். பொய் சொல்ல வழியே இல்லாத மெஷின். 2000 மீட்டர் முடித்த பிள்ளைகள் தரையில் அப்படியே சரிந்து கிடப்பதைப் பார்த்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று தோன்றும்.

சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். பெயர், எடை, 2000 மீட்டர் நேரம், போன மாதத்துக்கும் இதற்கும் வித்தியாசம், எல்லாம் பத்தில் ஒரு விநாடி வரை. என் மகள் பெயர் அதில் இல்லை. அவள் காக்ஸ், படகின் சுக்கானைப் பிடிப்பவள், துடுப்பே போடாதவள். இன்று அவள் செய்த வேலை மற்றவர்கள் பின்னால் நின்று “இன்னும் 300, தோளை இறக்கு” என்று கத்தியது. சத்தம் வாசல் வரை கேட்டது. வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் “ம்” என்கிற பிள்ளைதான் இது.

பிப்ரவரி 2

பலகை மஞ்சளுக்கு மாறி அப்புறம் எடுத்தே விட்டார்கள். முதல் நாள் ஆற்றில். நான் சைக்கிளில் கரையோரம் கூடவே போனேன், சேறு முழங்கால் வரை.

எட்டுப் பேர் படகு பதினேழு மீட்டருக்கு மேல் நீளம். துடுப்பு போடும் எட்டு பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே அன்னம் வருகிறதா, பாலம் வருகிறதா, வேறு படகு வருகிறதா, ஒன்றும் தெரியாது. முன்னால் பார்க்கிற ஒரே ஆள் பின்முனையில் குறுகி உட்கார்ந்திருக்கும் காக்ஸ். அவள் கையில் இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய கயிறு, அது போய் இழுப்பது படகுக்கு அடியில் உள்ளங்கை அளவு சுக்கான். அவ்வளவு பெரிய படகுக்கு அவ்வளவு சின்னது, வேண்டுமென்றேதான். சுக்கானைத் திருப்பும்போதெல்லாம் தண்ணீர் எதிர்க்கும், படகு வேகம் குறையும். நல்ல காக்ஸ் கொஞ்சமாக, சீக்கிரமாகத் திருப்புவாள். துடுப்புகள் தண்ணீருக்குள் இருக்கும்போதே திருப்பு, அப்போதுதான் படகு ஆடாது என்று கோச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

சாயங்காலம் ஆச்சியிடம் போன். “ஏட்டி, எட்டு பேரு துடுப்பு போடுதாவ, நீ சும்மா உக்காந்து கத்துதியா?” சின்னவள் தன் அரைகுறைத் தமிழில் சுக்கான், வளைவு, நீரோட்டம் என்று பத்து நிமிடம் விளக்கினாள். ஆச்சி முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்போ நெல்லையப்பர் தேருக்குக் கட்ட போடுதவன் மாரின்னு சொல்லு” என்றார். ஊரே வடம் பிடித்து இழுக்க, சக்கரத்துக்குக் கீழே சறுக்குக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிற ஆள். இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது.

பிப்ரவரி 21

வீட்டில் சின்ன வாக்குவாதம். காக்ஸ் என்றால் எடை குறைவாக இருக்க வேண்டும், அதற்காக இவள் சாப்பாட்டைக் குறைக்கிறாளோ என்று அவள் அம்மாவுக்குப் பயம். நியாயமான பயம்தான், அந்தக் காலத்து காக்ஸ்கள் பட்டினி கிடந்த கதைகள் நிறைய. ஆனால் அதைத் தடுக்கத்தான் குறைந்தபட்ச எடை வைத்திருக்கிறார்கள். உலகப் போட்டிகளில் 55 கிலோ. அதற்குக் கீழே இருந்தால் மீதி எடையைப் பையில் போட்டு காக்ஸ் பக்கத்திலேயே வைக்க வேண்டும், அதிகபட்சம் 15 கிலோ வரை. ஆக அந்த எடைக்குக் கீழே போவதில் படகுக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கான எடை வேறு, விதி இதேதான். இதைச் சொன்ன பிறகு அவள் அம்மா இரண்டு தோசை கூடுதலாகப் போட்டாள். சின்னவள் மூன்று சாப்பிட்டாள், விஷயம் முடிந்தது.

மார்ச் 14

லண்டனில் பள்ளிகளுக்கான ஹெட் ரேஸ். மோர்ட்லேக்கிலிருந்து பட்னி வரை, சுமார் 6.8 கிலோமீட்டர். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் மோதும் அதே தடம்தான், திசை மட்டும் எதிர். கடல் வற்றி ஆறு இறங்குகிற நேரம் பார்த்து விடுகிறார்கள். படகுகள் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும், யார் நேரம் குறைவோ அவர்கள் முதல்.

நேரான ஏரியில் காக்ஸ் ஒரு உதவியாள், இந்த ஆற்றில் அவள்தான் எல்லாம். வேகமான நீரோட்டம் ஆற்றின் ஆழமான பகுதியில் ஓடுகிறது, அது வளைவுக்கு வளைவு இடம் மாறும், தண்ணீரின் மேல்பரப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கரைக்குப் பக்கமாக வளைவை வெட்டினால் தூரம் குறையும், ஆனால் ஓட்டமில்லாத தண்ணீரில் மாட்டுவாய். சின்னவள் இரண்டு வாரமாக வரைபடத்தைப் படுக்கைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தாள். கணக்குப் பாடத்துக்கு இதில் பாதி கவனம் இருந்தால் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.

நான் ஹேமர்ஸ்மித் பாலத்துப் பக்கம் கரையில் நின்றேன். இவர்கள் முன்னே போன ஒரு படகை நெருங்கிவிட்டார்கள். நெருங்கினால் முன்னால் இருப்பவர் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது விதி, அந்தக் காக்ஸ் விடவில்லை. துடுப்புக்கும் துடுப்புக்கும் நடுவே ஒரு கை அகலம்தான். மைக்கில் இவள் குரல், கரை வரை தெளிவாகக் கேட்டது: எதிர்ப் படகின் பெயரைச் சொல்லி “வழி விடு” என்று இரண்டு முறை, அடுத்த மூச்சில் தன் ஆட்களிடம் “பத்து இழுப்பு, காலில் மட்டும் கவனம், ஒன்று” என்று. குரலில் கோபமே இல்லை. அந்தப் படகு நகர்ந்தது, இவர்கள் தாண்டினார்கள்.

ஜெயித்தால் காக்ஸைத் தண்ணீரில் தூக்கிப் போடுவது பழைய வழக்கம். இப்போது தேம்ஸில் அதை யோசித்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. 2024-இல் அந்த ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போட் ரேஸுக்கு முன்னால் ஹேமர்ஸ்மித் பக்கத் தண்ணீரில் ஈ.கோலை கிருமி அளவு மோசமாக இருந்து, இறங்காதீர்கள், தெறிக்கிற தண்ணீரை விழுங்காதீர்கள் என்று அணிகளுக்கு அறிவுரை போனது. சாக்கடை நீரை ஆற்றில் விடுவது இங்கேயும் நடக்கிறது என்று ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இவர்கள் ஜெயிக்கவில்லை, அதனால் கேள்வியே எழவில்லை. ஆனால் எங்கள் பள்ளி கொஞ்ச வருடங்களில் எடுத்த நல்ல இடம் என்றார்கள்.

ஏப்ரல் 9

ஈஸ்டர் விடுமுறை, சீட் ரேசிங் நடக்கிறது. இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்ததும் பார்க்கக் கஷ்டமானதும் இதுதான்.

எட்டு பேர் சேர்ந்து இழுக்கும் படகில் யார் எவ்வளவு தள்ளுகிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. எர்க்கில் பலசாலியாக இருப்பவள் படகில் மற்றவர்களின் தாளத்தைக் கெடுக்கலாம். அதனால் இரண்டு நால்வர் படகுகளை அருகருகே ஓட விடுகிறார்கள், வித்தியாசத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு நடு ஆற்றிலேயே படகுகளைச் சேர்த்துப் பிடித்து, இதிலிருந்து ஒருத்தியும் அதிலிருந்து ஒருத்தியும் இடம் மாறுகிறார்கள். மறுபடி அதே தூரம். வித்தியாசம் எவ்வளவு மாறியதோ அதுதான் அந்த இரண்டு பேருக்கு நடுவே இருக்கும் வித்தியாசம். யார் பெயரை அடுத்து கூப்பிடப் போகிறார் என்று கடைசி வரை சொல்ல மாட்டார் கோச். இடம் மாறப் போகிறவள் எழுந்து, ஆடுகிற படகில் ஒரு காலை அடுத்த படகில் வைத்து, தன் தோழியின் முகத்தைப் பார்க்காமலே தாண்டிப் போவதைக் கரையிலிருந்து பார்த்தேன். இருவருக்கும் பதினைந்து வயதுதான்.

சரி, துடுப்பு போடுபவர்களை இப்படி அளந்துவிடலாம். காக்ஸை? இரண்டு காக்ஸ் இருக்கிறார்கள், எட்டுப் படகு ஒன்றுதான். அவர்களையும் மாற்றிப் போட்டு ஓடவிட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் காற்று அடித்தால் மாறுகிற அளவுதான் வந்தது. கடைசியில் இரண்டு பேரின் ஒலிப்பதிவையும் கேட்டு, துடுப்பு போடும் பிள்ளைகளிடம் பெயர் போடாத சீட்டு வாங்கியிருக்கிறார் கோச். எல்லாவற்றையும் பத்தில் ஒரு விநாடிக்கு அளக்கிற இந்த ஆட்களுக்கு இங்கே வந்ததும் சீட்டு எழுதிப் போடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது, சின்னவளுக்கு இல்லை. “எனக்கும் ஒரு நம்பர் கொடுங்க” என்கிறாள்.

ஏப்ரல் 30

முடிவு வந்து இரண்டு வாரம் ஆகிறது. மே மாதம் தேசியப் பள்ளிகள் ரெகட்டாவில், அதாவது படகுப் போட்டியில், எட்டுப் படகு மற்ற பெண்ணுக்கு. சின்னவளுக்கு நால்வர் படகு.

கோச் சொன்ன காரணம் இது: ஆற்றில் இவளுடைய வழி சிறந்தது, ஆனால் ரெகட்டா நடக்கும் டோர்னி ஏரி நேர் கோடு, மிதவை கட்டிய தடங்கள், அங்கே குரல்தான் முக்கியம், அது மற்றவளிடம் கூடுதல். தர்க்கமாகப் பார்த்தால் சரி. அப்பாவாகப் பார்த்தால் மார்ச் மாதம் ஹேமர்ஸ்மித்தில் நான் கேட்ட குரலை இவர் கேட்கவில்லையா என்று இருக்கிறது. ஆனால் அவரிடம் போய்ப் பேசவில்லை. இங்கே சில பெற்றோர் போய்ப் பேசுகிறார்கள், அந்தப் பிள்ளைகள் கூனிக் குறுகுவதைப் பார்த்திருக்கிறேன்.

நால்வர் படகில் காக்ஸ் உட்காருவதே இல்லை. முன்முனையில் ஒரு பொந்து, அதற்குள் காலை நீட்டி மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும், தலை மட்டும் வெளியே. துடுப்பு போடுபவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால். யார் தோளைத் தூக்குகிறார்கள், யார் துடுப்பு தாமதமாக இறங்குகிறது, ஒன்றும் கண்ணில் படாது. படகின் அதிர்விலும் சத்தத்திலும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் நாள் திரும்பி வந்து “சவப்பெட்டி மாதிரி இருக்கு” என்றாள். இரண்டாவது வாரம், மூன்றாம் சீட் சோர்ந்தால் படகு எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்குப் பாடம் எடுத்தாள்.

மே 25

டோர்னி ஏரி. 2012 ஒலிம்பிக்கில் படகுப் போட்டி நடந்த இடம், ஈட்டன் பள்ளிக்குச் சொந்தம். ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான, எட்டுத் தடம் கொண்ட ஏரி. இந்த நாட்டில் இந்த விளையாட்டை யார் விளையாடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இது ஒன்று போதும். புது எட்டுப் படகு வாங்குகிற பணத்தில் நல்ல காரே வாங்கலாம். லண்டன் யூத் ரோயிங் மாதிரி அமைப்புகள் அரசுப் பள்ளிகளுக்கு எர்க் கொண்டுபோய்க் கற்றுக்கொடுக்கின்றன, இருந்தாலும் பதக்க மேடையைப் பார்த்தால் பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளின் சட்டைகள்தான்.

காலை ஆறு மணிக்கு டிரெய்லரிலிருந்து படகு இறக்கினோம். எட்டுப் படகு இரண்டு துண்டாக வரும், சேர்த்து முடுக்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் ஸ்பேனர் இல்லாத அப்பாவுக்கு இங்கே மரியாதை இல்லை. எலுமிச்சை சாதம் பெரிய டப்பா நிறையக் கொண்டுபோயிருந்தோம், பாஸ்தா மிஞ்சியது, அது மிஞ்சவில்லை.

காற்று. டோர்னி பக்கவாட்டுக் காற்றுக்குப் பேர் போன இடம், இன்று அதன் முழுக் குணத்தையும் காட்டியது. தொடக்கத்தில் படகின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். அவர் பிடியில் படகு இருக்க, முன்முனையைக் காற்று தள்ளிக்கொண்டே இருக்கும், நேராக்க, முன்முனையை ஒட்டிய பவ் சீட்டில் இருப்பவள் குட்டிக் குட்டியாகத் துடுப்பைத் தொட வேண்டும். நேராகிற அந்த நொடியில் பச்சை விளக்கு விழ வேண்டும். எட்டுப் படகுக்கு அப்படி விழவில்லை. கோணலாகப் புறப்பட்டு, மிதவையை ஒரு துடுப்பு தட்டி, முதல் 300 மீட்டரிலேயே கடைசிக்குப் போய், அங்கிருந்து இழுத்து இழுத்து இறுதிப் போட்டியில் ஆறாவது. அந்தக் காக்ஸ் குரல் உடைந்து போகும் வரை கத்தினாள், கோச் சொன்னது பொய்யில்லை. படகை விட்டு இறங்கியதும் சின்னவள்தான் போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

நால்வர் படகு, முதல் இறுதிக்கு வராதவர்கள் மோதும் பி இறுதிக்குத்தான் போனது, அதில் இரண்டாவது. பதக்கம் இல்லை, யாரும் போட்டோ எடுக்கவில்லை. ஆனால் சாயங்காலம் காரில் ஜிபிஎஸ் தடத்தைத் திறந்து காட்டினாள். அந்தக் காற்றில் 2000 மீட்டர், கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல. ஸ்லோ என்கிற ஊர்ப் பக்கம் வரும் வரை அதையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் மூன்றாம் சீட்காரி எலுமிச்சை சாத டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

ஜூன் 11

அடுத்த வருடத்துக்கான கூட்டம். பெண்கள் எட்டு நன்றாக வந்தால் ஹென்லி ராயல் ரெகட்டாவுக்கு முயற்சி செய்யலாம் என்றார் கோச். 1839-இல் தொடங்கிய போட்டி. பள்ளி ஆண்கள் எட்டுக்கு 1946 முதல் கோப்பை உண்டு, ஜூனியர் பெண்கள் எட்டுக்கு 2021-இல்தான் வந்தது. அங்கே ஒரு நேரத்தில் இரண்டே படகு, 2112 மீட்டர், தோற்றால் அன்றே வீட்டுக்கு.

அப்புறம் ஒரு செய்தியைச் சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னார். ஆண்கள் அணியிலிருந்து ஒரு பையன் பெண்கள் படகுக்கு காக்ஸாக வர ஆசைப்படுகிறான். விதி இடம் கொடுக்கிறது, டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய நியூசிலாந்து பெண்கள் எட்டுக்கு காக்ஸ் கேலப் ஷெப்பர்ட் என்கிற ஆண்தான். மறுபக்கம் 1981-லேயே சூ பிரவுன் ஆக்ஸ்போர்டு ஆண்கள் படகை ஓட்டி ஜெயித்திருக்கிறார். ஆக இனி ஒரு சீட்டுக்கு மூன்று பேர்.

காரில் ஏறியதும் சின்னவள் மற்றக் காக்ஸுக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில். ஏப்ரல் முழுக்கப் பேசிக்கொள்ளாத இரண்டு பேரும் வீடு வரும் வரை அந்தப் பையனைப் பிரித்து மேய்ந்தார்கள். அவன் குரல் பெரிதுதானே என்று நான் நடுவில் கேட்டேன்.

“கத்துவான் அப்பா, நல்லா கத்துவான். ஹேமர்ஸ்மித் வளைவுல விட்டுப் பாக்கச் சொல்லுங்க.”