அன்பினாலும் பிரியத்தினாலும்

பத்திரம் எழுதும் வேலைக்கு வந்து 23 வருடமாகிறது. சொத்தைச் சொந்தக்காரர்களுக்குச் சும்மா எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரத்தில் ஒரு வரி வரும், "தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று. கிரயமென்றால் பணம் கைமாறும், இதில் பணம் கிடையாது, அப்புறம் எதற்காகச் சொத்தைக் கொடுக்கிறேன் என்று ஒரு காரணம் எழுத வேண்டுமே, அதற்குத்தான் இந்த வரி. முத்திரைத் தீர்வைகூட கிரயத்துக்கு 7 சதவீதம், குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் 1 சதவீதம்தான். பாசத்துக்கு அரசாங்கம் தரும் தள்ளுபடி என்று கடையில் சொல்லிச் சிரிப்போம். பழைய ஃபைலைத் திறந்து பேரையும் சர்வே நம்பரையும் மாற்றுவேன், அன்பு அப்படியே இருக்கும்.

பல வருடத்துக்கு முன்னால் ஒரு அம்மா மகனோடு வந்தார். இருந்தது ஒரே ஓட்டு வீடு. "ஆயுள் பாத்தியம் போட்டுக்கலாமாம்மா, உங்க காலம் வரைக்கும் நீங்க இருந்துக்கலாம்னு ஒரு வரி" என்று கேட்டேன். மகன் ஒன்றும் பேசவில்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெத்த பிள்ளையைச் சந்தேகப்பட்டு எழுதச் சொல்றியா தம்பி?" என்றார் அந்த அம்மா. எனக்கே வெட்கமாகிவிட்டது, அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு துணிப்பையோடு தனியாக வந்து, எழுதினதை ரத்து பண்ண முடியுமா என்றார். பெற்றோர், மூத்த குடிமக்களுக்காக 2007-இல் வந்த சட்டத்தில் 23-ஆவது பிரிவு இருக்கிறது, கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், ஆனால் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்று கேட்பார்கள். நான் எழுதிய பத்திரத்தில் அது இல்லை. சரி, மனுவாவது எழுதித் தருகிறேன் என்றேன். "வேண்டாம், அவன் பேரு ஆபீஸ் ஆபீஸா போகும்" என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். நம்பியது தப்பு என்று அந்த முகத்தில் தெரியவில்லை, நான்தான் அன்றைக்கு இன்னொரு தரம் கேட்டிருக்கலாமே என்று இன்றுவரை தோன்றுகிறது.

2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், நிபந்தனை தனியாக எழுதியிருக்காவிட்டாலும் அன்பும் பிரியமும் என்று எழுதியதிலேயே கவனித்துக்கொள்ளும் கடமை அடங்கியிருக்கிறது என்றது. அந்தச் செய்தியைப் படித்தபோது கடையில் வேலை ஓடவில்லை. இத்தனை வருடம் நான் பார்க்காமலே டைப் அடித்துவிட்டுப் போன வரி அது.

இப்போதெல்லாம் கடைக்கு வரும் பெரியவர்களிடம் கேட்பதில்லை, ஆயுள் பாத்தியத்தை நானே டிராஃப்டில் போட்டுவிடுகிறேன், வேண்டாமென்றால் அவர்களே எடுக்கச் சொல்லட்டும். சில மகன்கள் முறைப்பார்கள். ஒரு பெண் மட்டும், "அப்பா, சமையல்கட்டு மாடி எல்லாமே உங்க அனுபவத்துலதான்னு சேர்த்து எழுதச் சொல்லுங்க" என்று தானே சொல்லி எழுத வைத்தாள். எழுதினால் பாசம் குறைந்துவிடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ.

போன மாதம் என் அம்மா வீட்டை என் பேருக்கு எழுதுகிறேன் என்றாள். டிராஃப்டை நானே அடித்து, ஆயுள் பாத்தியம் போட்டு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏண்டா, உன்னையே உனக்கு நம்பிக்கையில்லையா?" என்றாள்.

இருக்கட்டும்மா, கையெழுத்துப் போடு என்றேன்.